கை தூக்கினால் நிறுத்திவிடுவேன்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஹார்ன் அக்கா. எதிரே முட்டிக்கொண்டு வரும் லாரியானாலும் சரி, நடுரோட்டில் நின்று போன் பேசும் பெரிய மனிதரானாலும் சரி, அவள் ஹார்ன் அடித்தால் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். ஒரு மழைக்காலையில் பிரேக் பிடிக்காமல் வேன் வழுக்கியபோதுகூட, பின்னால் அலறிய பிள்ளைகளிடம் "கத்தாதீங்கடா, வண்டி பயந்துடும்" என்று சொல்லிக்கொண்டே ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியவள். அப்படிப்பட்டவளுக்கும் ஒரு நாற்காலியைக் கண்டால் மட்டும் கைகால் வெலவெலத்துப்போகும். பல் டாக்டரின் நாற்காலி.

சின்ன வயதில் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் ஒருவர், "சும்மா பார்க்கத்தான் போறேன், ஆ காட்டு" என்றார். காட்டினாள். இன்னொருவர் பின்னாலிருந்து அவள் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பிடுங்கிய பல் பால்பல்தான். அதன் இடத்தில் வேறு பல் முளைத்துவிட்டது. தலையைப் பிடித்த கைகளின் சூடு மட்டும் இன்னும் காதோரத்தில் இருந்தது.

அதனால் வலது கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியபோது கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், மாத்திரை போட்டாள், இடதுபக்கமாகவே மென்று காலம் தள்ளினாள். ரொட்டி அடுமனையில் வேலை பார்க்கும் கணவன் கெஞ்சிப் பார்த்தான். கூடவே இருக்கும் நாத்தனார், கணவனின் அக்கா, கெஞ்சுகிற ரகம் இல்லை.

"லாரிக்காரனைத் திட்டுற வாய்தானே இது? டாக்டர்கிட்ட திறந்தா தேஞ்சா போயிடும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது கிளினிக். பல் டாக்டர் முப்பதுகளில் இருந்தார். குரல் மெதுவானது. அவள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே முகாம் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, முழுவதும் கேட்டார்.

"பல் வேர் வரைக்கும் சொத்தை போயிருக்கு. ரூட் கெனால் பண்ணினா பல்லைக் காப்பாத்திடலாம். மரத்துப்போக ஊசி போடுவேன். அதுக்கு மேலயும் வலிச்சா, இடது கையைத் தூக்குங்க. தூக்கினா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. உங்க கைதான் பிரேக்."

வண்டி ஓட்டுகிறவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. உட்கார்ந்தாள்.

ஊசி போட்டார். உதடு தடித்து மரக்கட்டையானது. வாயின் மேல் ஒரு ரப்பர் விரிப்பை மாட்டி, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி செய்தார். இனி அவளால் பேச முடியாது. சுழலும் கருவியின் சத்தம் மண்டைக்குள் நுழைந்ததும் கையைத் தூக்கினாள். சத்தம் சட்டென்று நின்றது. "என்னம்மா?" என்றார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். நிற்கிறதா என்று பார்க்கத்தான் தூக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து லேசாகச் சுரீர் என்றதும் மறுபடி தூக்கினாள். நிறுத்தினார். இன்னொரு ஊசி போட்டார். அவள் தோள்கள் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தன.

மூன்றாம் தடவைதான் அது நடந்தது.

வெளியே காத்திருப்பவர்களின் பேச்சுச் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. உதவியாளர் பெண் வந்து, அடுத்தவர் அவசரப்படுகிறார் என்று மெல்லச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் பக்கத்தில் நின்றாள். டாக்டர் மெல்லிய ஊசி போன்ற எதையோ பல்லுக்குள் இறக்கினார். வலி தாடையிலிருந்து கண்ணுக்குப் பின்னால் ஓடி உச்சந்தலையில் வெடித்தது. அவள் கையைத் தூக்கினாள்.

"வலிக்காதும்மா. அது வெறும் அழுத்தம்தான். இதோ முடிஞ்சுது."

நிற்கவில்லை. கையை இன்னும் உயரத் தூக்கினாள். டாக்டரின் கண்கள் ஒரு கணம் நிமிர்ந்து அந்தக் கையைத் தொட்டு, மறுபடி பல்லுக்கே திரும்பின. உதவியாளர் பெண் கையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் தன் கை தன்னுடையது போலவே இல்லாமல் அந்தரத்தில் நிற்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உடம்பு கல்லாகிவிட்டது. காதோரத்தில், யாரும் பிடிக்காமலே, அந்தப் பழைய பிடி இறுகியது.

"சூப்பரா ஒத்துழைச்சீங்க" என்றார் டாக்டர், ரப்பரைக் கழற்றும்போது. "இப்போதைக்குத் தற்காலிகமா அடைச்சிருக்கேன். அடுத்த வாரம் வந்தீங்கன்னா முடிச்சிடலாம்."

அவள் தலையாட்டினாள். படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள், இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று.

வீட்டில் சொன்னாள். கணவன், "அவர் கவனிச்சிருக்க மாட்டாரு. வேலை மும்முரம்" என்றான். நாத்தனார், "பாதியில விட்டுட்டு எழுந்திருக்க அது என்ன கோலமா? உன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்றாள். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் இரண்டையும் கேட்ட பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே பார்க்கவில்லையோ? ஒருவேளை அது வலியே இல்லையோ, நான்தான் பயந்து பயந்து வலியாக்கிக்கொண்டேனோ? இந்தச் சந்தேகம் பல்வலியைவிட மோசமாக அரித்தது. வேன் ஓட்டும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, இந்தப் பொம்பளையை நம்பலாமா என்று யோசிக்கத் தொடங்கினாள்.

கிளினிக்கிலிருந்து உதவியாளர் பெண் கூப்பிட்டபோதெல்லாம் போனைத் துண்டித்துவிட்டாள். தற்காலிக அடைப்பு ஒருநாள் சாப்பாட்டோடு பெயர்ந்து வந்தது. துப்பினாள். வலி திரும்ப வந்தது, போனது, வந்தது. பிறகு ஒருநாள் வலி குறைந்து தாடைக்குக் கீழே கனமாக ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டது. கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். சளி பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். அந்தப் பொய்யை நம்ப எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அடுத்த நாள் காலை, வேனில் பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது அவளால் அதட்ட முடியவில்லை. குரல், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல் குழறியது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு, எப்படியோ வீடு வந்து சேர்ந்தாள்.

படுக்கப் போனாள். படுத்ததும் நாக்கு தொண்டைக்குள் சரிவது போலிருந்தது. பதறி எழுந்தாள். உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு உள்ளே போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது.

துவைத்த துணியோடு உள்ளே வந்த நாத்தனார் துண்டைப் பார்த்தாள். துப்பட்டாவை விலக்கினாள். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த பள்ளம் காணாமல் போயிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வீக்கம். தொட்டால் பலகை போல் இருந்தது.

"அடிப்பாவி, இதையா சளின்னு சொன்னே?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கிளினிக் எண். அவள் கையை ஆட்டினாள், எடுக்காதே என்று. நாத்தனார் எடுத்தாள். இந்தத் தடவை பேசியது உதவியாளர் இல்லை, டாக்டரே. ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தவரை இடைமறித்து, நாத்தனார் கண்ணில் பட்டதையெல்லாம் கொட்டினாள்.

டாக்டரின் மெதுவான குரல் மாறிவிட்டது. "எச்சில் முழுங்க முடியுதா? வாய் எவ்வளவு திறக்குது? நாக்கு மேல தூக்கின மாதிரி இருக்கா? போனை ஸ்பீக்கர்ல போடுங்க, அவங்க மூச்சுச் சத்தம் கேக்கணும்."

நாத்தனார் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். அறையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா, இது சாதாரண வீக்கம் இல்ல. பல்லுல இருந்த சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். படுக்காதீங்க, உட்கார்ந்தபடியே போங்க."

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். போனில் அவருக்கு அது தெரியாது என்பதால் வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக உருட்டித் தள்ளினாள்.

"நீங்க... சொல்றத... எப்படி... நம்பறது?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நாத்தனார் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ப வேண்டியதில்லம்மா" என்றார் டாக்டர். "நான் நடந்துக்கிட்டதுக்கு நம்ப முடியாதுதான். அன்னைக்கு மூணாவது தடவை நீங்க கை தூக்கினதை நான் பார்த்தேன்."

நாத்தனார் போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டாள்.

"பார்த்துட்டுதான் நிறுத்தல. வெளியில ஆளுங்க காத்துக்கிட்டிருந்தாங்க. இன்னும் கொஞ்சம்தானே, முடிச்சிடலாம்னு நினைச்சேன். வலிக்காதுன்னு சொன்னேன். உங்களுக்கு வலிச்சதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்படிச் சொன்னது என் வசதிக்காக. அப்புறம் நீங்க வராதப்பவும் ஏன்னு எனக்குத் தெரியும். நானே கூப்பிட்டுப் பேச தைரியம் இல்லாம அந்தப் பொண்ணை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். இப்ப சொல்றதுல எனக்கு எந்த வசதியும் இல்ல. வீக்கம் இன்னும் ஏறினா மூச்சு அடைச்சிடும். இன்னைக்கே ஆகலாம். என்கிட்ட வராதீங்க, என்னால இதைச் சரி பண்ண முடியாது. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். ஏறிடுங்க."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் துண்டில் விழுந்தது. செத்துப்போவேனோ என்ற பயம் அப்போதுதான் முழுசாக நெஞ்சில் ஏறியது. ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே வேறொன்று, இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்தது, இடம்விட்டு விலகியது. அவர் பார்த்திருக்கிறார். அது வலிதான். தனக்குப் பைத்தியம் இல்லை.

எழுந்து ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தாள்.

"ஐயோ, கொண்டா அதை!" நாத்தனார் பிடுங்கிக்கொண்டாள். "மூச்சு விடவே முடியல, இவ வண்டி ஓட்டிக்கிட்டுப் போறாளாம்!" சொல்லிவிட்டு அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளை ஒரு சாய்வுக் கட்டிலில் உட்காரவைத்து மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். கையில் ஊசி ஏறியது. ஆட்கள் வேகமாக வந்தார்கள், தாடையைத் தொட்டார்கள், ஒருவரோடொருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. திரைச்சீலைக்கு அப்பால் கணவனின் குரல் கேட்டது. அடுமனையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறான்.

"டாக்டரம்மா, அவ ரொம்பப் பயப்படுவா. அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அப்படியே தூங்க வெச்சிட்டு என்ன செய்யணுமோ செஞ்சிடுங்க."

"தூங்க வெச்சிட்டுச் செய்ய முடிஞ்சா நானே சந்தோஷமா செய்வேன்" என்றது ஒரு பெண்குரல். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். "தூங்கினா தொண்டை மூடிக்கும். முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா மூச்சுக்குழாய் விடணும். அதுக்கப்புறம்தான் தூக்கம், சீழை எடுக்கிற ஆபரேஷன் எல்லாம்."

"இதைக் கேட்டா அவ தாங்க மாட்டா."

"சொல்லிடுங்க." அது பல் டாக்டரின் குரல். எப்போது வந்தாரோ. "சொன்னதை மீறிச் செஞ்சது நான். அதனாலதான் அவங்க இங்க இருக்காங்க. எல்லாத்தையும் சொல்லிடுங்க, தயவுசெஞ்சு."

"வாங்க, வலிக்காத டாக்டர்" என்றாள் நாத்தனார். "உங்களுக்கு அப்புறம் இருக்கு."

திரை விலகியது. மயக்க மருந்து டாக்டர் குள்ளமான, வேகமான பெண். பேச்சில் தேன் தடவத் தெரியாதவர். கட்டிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பேசுறது புரியுதா? நல்லது. மூக்குக்குள்ள மரத்துப்போக மருந்து அடிப்பேன், கசக்கும். அப்புறம் ஒரு குழாய் உள்ள போகும். நுனியில கேமரா இருக்கு. தொண்டையில படும்போது மூச்சே நின்னுபோற மாதிரி இருக்கும். நிக்காது, ஆனா அப்படித்தான் இருக்கும். கஷ்டமாத்தான் இருக்கும். செய்யலன்னா சாயங்காலத்துக்குள்ள உயிருக்கே ஆபத்து."

அவள் இடது கையை மெல்ல உயர்த்தி, புருவத்தைத் தூக்கினாள். டாக்டருக்குப் புரியவில்லை.

"கை தூக்கினா நிறுத்துவீங்களான்னு கேக்கிறாங்க" என்றார் பல் டாக்டர், திரையருகில் நின்றபடி. அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை.

மயக்க மருந்து டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "தொடங்குறதுக்கு முன்னால எத்தனை தடவை வேணும்னாலும் தூக்குங்க, நிறுத்துறேன். குழாய் தொண்டையைத் தாண்டின பிறகு நிறுத்த மாட்டேன். நிறுத்தினா உங்களுக்குத்தான் ஆபத்து. அப்ப நீங்க தூக்கினாலும் பார்த்தேன்னு சொல்லுவேன், ஆனா நிறுத்த மாட்டேன். இதுக்கு சம்மதமா?"

அவள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். இதுவரை எந்த டாக்டரும் அவளிடம் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. எல்லோரும் சரி சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தலையை அசைத்தாள்.

அறுவை அறையில் குளிராக இருந்தது. கசந்தது. மூக்கு எரிந்தது. "இப்ப குழாய் மூக்குக்குள்ள வருது" என்றார் டாக்டர். வந்தது. "இப்ப திரும்பும், இருமல் வரும்." வந்தது. "இதுதான் கஷ்டமான இடம்." உலகத்தில் காற்றே இல்லாமல் போயிற்று. கண்ணில் வெளிச்சம் வெள்ளை வெள்ளையாய் உடைந்தது. தாடைக்குக் கீழே இருந்த பலகை நெஞ்சுவரை இறங்கி அழுத்தியது. அவள் கை தானாக மேலே எழுந்தது. "பார்த்தேன்மா. நிறுத்தல. இன்னும் ரெண்டு மூச்சு." யாரோ அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் அழுத்தவில்லை. எழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். "உள்ள போயிடுச்சு. இப்பத் தூங்குங்க."

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, மூக்கில் குழாய், பக்கத்தில் தூங்கி வழியும் கணவன். பல் அங்கே இல்லை. பிடுங்கியிருந்தார்கள். வீக்கம் வற்றி, குழாயை எடுத்த பிறகு அவள் முதலில் பேசிய வார்த்தை "தண்ணி". நாத்தனார் அதை ஏதோ மேடைப்பேச்சு போல வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வீடு திரும்பும் நாளுக்கு முன்னால் பல் டாக்டர் வந்தார். நாத்தனார் தயாராக வைத்திருந்த வசவுகளில் பாதியைத் திட்டி முடித்தாள். அவர் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு அவள் பேசினாள், குரல் இன்னும் கரகரத்தது.

"உங்க மேல இருந்த கோவம் போயிடுச்சு டாக்டர். போன்ல சொன்னீங்களே, அதோட போயிடுச்சு. ஆனா பயம் போகல. உங்க சட்டையைப் பார்த்தாலே எழுந்து ஓடணும்னு தோணுது."

"தெரியும்மா. இடது பக்கமும் ஒரு பல்லுல சொத்தை இருக்கு, அன்னைக்கே பார்த்தேன். அதை நான் தொட மாட்டேன். தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. உங்களுக்குச் சரின்னா, உங்க முன்னாலயே பேசுறேன்."

அவள் சரி என்றாள். அவர் அங்கேயே நின்று போன் போட்டு, என்ன வாக்குக் கொடுத்தார், எப்போது மீறினார், அதனால் என்ன ஆனது என்று ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். சொல்லும்போது காதுகள் சிவந்துபோயின. மீதிப் பாதி வசவை நாத்தனார் விழுங்கிவிட்டாள்.

புது டாக்டரின் அறைக்கு அவள் போனது தழும்பு ஆறிய பிறகு. உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். நரைத்த தலையுடன் இருந்த அந்த டாக்டர் பக்கத்தில் அமர்ந்து, "இன்னைக்கு எது வரைக்கும் முடியும்?" என்று கேட்டார்.

"உட்கார மட்டும்."

"நாற்காலியைச் சாய்க்கலாமா?"

"வேண்டாம்."

"சரி" என்றார் டாக்டர். கையுறை எடுக்கவில்லை, விளக்கைப் போடவில்லை. வேன் எந்தப் பக்கமெல்லாம் போகும் என்று கேட்டார். அவள் சொன்னாள். வியர்வை முதுகில் வழிந்துகொண்டே இருந்தது. போதும் என்று தோன்றியபோது எழுந்துகொண்டாள்.

வெளியே நாத்தனார் பரபரப்பாக எழுந்து வந்தாள். "என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதா? என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி. உட்கார்ந்துட்டு வந்தேன்."

"உட்காரவா? இதுக்கா நான் அடுப்பை அணைச்சிட்டு வந்தேன்? வீட்ல இல்லாத நாற்காலியா?"

"அடுத்த வாரம் வாயைத் திறக்கலாம்னு இருக்கேன்" என்றாள் அவள். படிக்கட்டில் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.